உங்க வெள்ளைக் கம்பளமும் எங்க வீட்டு பீன்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வியாழக்கிழமை நம்ம பேப்பர் முதல் பக்கத்துல ஒரு போட்டோ. ஊட்டி பக்கத்துல தலைகுந்தா புல்வெளி வெள்ளையா கெடக்கு, புது ஸ்வெட்டர் போட்ட ஒரு பொண்ணு பனிய சுரண்டி கையில வச்சுக்கிட்டு சிரிக்குது. கீழ 'வெள்ளைக் கம்பளம் விரித்த உறைபனி, சுற்றுலாப் பயணிகள் குதூகலம்'னு போட்டிருக்கீங்க. அதே கம்பளம்தான் சார் காந்தல்ல எங்க வீட்டுக்குப் பின்னாடியும் விரிச்சிருந்துச்சு. எங்க வீட்ல யாரும் குதூகலிக்கல.

இங்க பனின்னா பொதுவா நவம்பர்லதான் எட்டிப் பார்க்கும், வடகிழக்கு மழை இழுத்துட்டே போச்சுன்னா டிசம்பர் கடைசி கூட ஆயிரும், அத நம்பித்தான் நாங்க பீன்ஸ் போடுறது. இந்தத் தடவை தீபாவளி முறுக்கு டப்பாவுல இன்னும் தீரல, அதுக்குள்ள விழுந்துருச்சு. காலைல ஆறு மணிக்கு நாய்க்குத் தண்ணி வைக்கிற அலுமினிய தட்ட கவுத்தேன், தண்ணி கொட்டல, வட்டமா கண்ணாடி மாதிரி ஒண்ணு டக்குனு விழுந்துச்சு. அப்பவே வயிறு கலங்கிருச்சு. போய்ப் பார்த்தா பீன்ஸ் இலை ஓரமெல்லாம் உப்பு தூவின மாதிரி, பார்க்க அழகாத்தான் இருந்துச்சு, அதுல பொய் சொல்ல மாட்டேன். எட்டரைக்கு வெயில் பட்டதும் வெந்நி ஊத்தின கீரை மாதிரி அப்படியே தொங்கிப் போச்சு, மத்தியானத்துக்குள்ள கருப்பு. மேரக்காய், அதான் சௌசௌ, பந்தல்ல நுனிக் கொடி பூரா போச்சு, பிஞ்செல்லாம் மறுநாள் கொழகொழன்னு கையோட வருது. டேலியா பத்தி நான் பேசவே போறதில்ல. பூண்டும் கேரட்டும் மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்குது.

இதுல அன்னைக்கு ரெண்டாம் பக்கத்துல ஊட்டி குறைந்தபட்சம் 4 டிகிரின்னு வேற போட்டீங்க. 4 டிகிரில தண்ணி எப்படி பாட்டி உறையும்னு பேரன் கேக்குறான். உங்களுக்குத் தெரியாததா, அந்த அளவு நாலடி உயரத்துல கூண்டுக்குள்ள இருக்குற தெர்மாமீட்டர்ல எடுக்குறது, மேகமும் இல்லாம காத்தும் அசையாம இருக்குற ராத்திரில புல்லு மட்டத்துல அதவிட சில டிகிரி கம்மியாத்தான் நிக்கும். குளிர்ந்த காத்து தண்ணி மாதிரி சரிவுல இறங்கி பள்ளத்துல தேங்கும். எங்க தோட்டத்துலயே மேல் பாத்தி தப்பிச்சுது, கீழ் பாத்தி போச்சு, நடுவுல பன்னெண்டு அடி கூட இல்ல.

கோவம் ஒரு போட்டோவால மட்டும் இல்ல சார். 2019 ஜனவரில மூணாறு பக்கம் தேயிலையெல்லாம் பனில கருகிச்சே, அப்பவும் நீங்க போட்டது காருக்கு மேல உறைஞ்ச ஐஸத்தான். ஞாயித்துக்கிழமை இணைப்புல தோட்டப் பக்கம்னு ஒண்ணு வருது, அதுல வருஷம் பூரா மாடில வெண்டைக்காய், மாடில புடலங்காய், ஊட்டில நான் எந்த மாடில சார் வெண்டைக்காய் போடுறது? கேரட் விலை ஏறினா இல்லத்தரசிகள் கவலைன்னு கொட்டை எழுத்துல வரும், அதே கேரட்ட பிடுங்குற கூலிக்குக் கூட கட்டாம தோட்டத்துலயே விடுறப்ப ஒருத்தரையும் காணோம். காட்டெருமை வந்து வேலிய மிதிச்சுட்டுப் போனதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி அனுப்பினேன், ரெண்டு வரியா வெட்டிட்டு 'வாசகி ஆதங்கம்'னு தலைப்பு வேற. இதையும் அப்படியே பண்ணுவீங்க, பண்ணுங்க. 2024ல இருந்து ஊட்டிக்கு வர்றவங்க இ-பாஸ் எடுக்கணும், அதுக்கு எப்படி அப்ளை பண்றதுன்னு கட்டம் கட்டி போட்டீங்க. பனி இ-பாஸ் எடுத்துட்டா வருது.

தாவரவியல் பூங்காவுல பூச்செடிகளை மிலார்ங்கிற செடிய வெட்டிப் போட்டு மூடுறாங்க, காலைல தண்ணி தெளிச்சு பனிய கழுவி விடுறாங்க, அதையும் வருஷா வருஷம் போட்டோ புடிச்சுப் போடுறீங்க, பனி விழுந்ததுக்கு அப்புறமா.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ராத்திரி வானம் தெளிவா இருக்கும், குளிர் இறங்கும்னு வானிலை மையம் சொல்ற அன்னைக்கு நீலகிரி பக்கத்துல ஒரே ஒரு வரி, 'இன்று இரவு செடிகளை மூடி வையுங்கள்'னு. டூரிஸ்டுகளுக்கு ஜெர்க்கின் எடுத்துட்டு வரச் சொல்ற எடத்துக்குக் கீழ போட்டாக் கூடப் போதும். பிளாஸ்டிக் தாள் இலைல பட்டா பட்ட எடம் கருகும், சாக்குதான் நல்லதுன்னு இன்னொரு வரி போட்டா இன்னும் சந்தோஷம்.

எங்க வீட்ல முப்பது சாக்கு இருக்கு. அன்னைக்கு ராத்திரி அதெல்லாம் படிக்கட்டுக்குக் கீழ மடிச்சு வச்சது வச்சபடியே இருந்துச்சு.

இப்படிக்கு,
இருபத்தாறு வருஷமா சந்தா கட்டுற வாசகி,
காந்தல், ஊட்டி