ஒரு மணி நேரச் சந்தை: 1611இன் ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகரத் தலைவர்கள் நால்வருக்கும்,

வணக்கம். நானூறு வருடம் தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். எங்கள் நாட்டுப் பங்குச் சந்தையில் தீபாவளியன்று முகூர்த்த வர்த்தகம் என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு மணி நேரம். போன தீபாவளிக்கும் சாஸ்திரத்துக்கு இரண்டு பங்கு வாங்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. எங்களுக்கு வருடத்தில் ஒரு நாள் நடப்பதை நீங்கள் தினசரி வழக்கமாகவே வைத்திருந்தீர்களே!

1611இல் நீங்கள் திறந்த வர்த்தகச் சந்தையில் பேரம் பகல் 11 மணி முதல் 12 மணி வரை. மே முதல் ஆகஸ்ட் வரை சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழரை வரை இன்னொரு மணி நேரம். மற்ற மாதங்களில், நகர வாசல் கதவைச் சாத்தும் மணிக்கு முந்தைய அரை மணி. அவ்வளவுதான். கட்டடக் கலைஞர் ஹெண்ட்ரிக் டி கெய்சரை லண்டனுக்கு அனுப்பி, அங்கே கிரெஷாம் என்ற வியாபாரி கட்டிய ராயல் எக்ஸ்சேஞ்ச் சந்தையைப் பார்த்துவரச் சொன்னீர்கள். ரோக்கின் கால்வாய்த் தண்ணீருக்கு மேலேயே கட்டடத்தை எழுப்பினீர்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தூணுக்குத் தூண் ஒரு சரக்கு. இத்தனையும் செய்துவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இங்கே பேரம் கூடாது என்றால் எப்படி? கல்யாண மண்டபம் கட்டி, தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

வியாபாரிகளைக் கண்டால் உங்களுக்கு ஆகாதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் பழைய நிலைமையைப் பார்த்தேன். அதுவரை வார்மூஸ் தெருவிலும் புதுப் பாலத்திலும் கூட்டம். டாம்ராக் வாய்க்கால் துறைமுகத்தில் சேரும் இடத்தில் அந்தப் பாலம். கப்பலில் கடிதம் வந்தால் முதலில் தெரிவது அங்கேதான் என்பதால் அத்தனை பேரும் அங்கேயே நிற்பார்கள். மழை பிடித்தால் பக்கத்தில் இருக்கும் சர்ச்சுக்குள் ஓடுவார்கள். தானிய விலையும் மிளகு விலையும் அங்கே தொடரும். யார் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

இதில் லாபம் யாருக்கு? தரகருக்கு. காலை ஒன்பது மணிக்கு வாங்க வந்தவனும் மாலை மூன்று மணிக்கு விற்க வந்தவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. இரண்டு பேரையும் பார்த்தவர் தரகர் ஒருவர்தான். இவனிடம் ஒரு விலை, அவனிடம் ஒரு விலை. நீங்கள் எல்லோரையும் ஒரே மணி நேரத்துக்குள் ஒரே முற்றத்தில் நிறுத்தினீர்கள். அப்போது தானியம் வாங்குபவன் தன் காதாலேயே நாலு விலை கேட்கலாம். உண்டியல் (வேற்றூரில் பணமாக்கும் சீட்டு) விற்பவனுக்கும் அலைச்சல் மிச்சம். மீதி நாள் கிடங்குக்கும் கணக்குக்கும் கடிதம் எழுதவும். கதவை அகலத் திறந்து வைத்தால்தான் வியாபாரம் பெருகும் என்று நினைக்கிறவர்கள் உங்கள் முற்றத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும்.

சரி, பாராட்டு போதும். ஒரு குறை சொல்லவும்தான் இந்த மடல்.

நீங்கள் தானியத்தையும் மிளகையும் மனதில் வைத்து நேரம் குறித்தீர்கள். ஆனால் 1602இலேயே உங்கள் ஊரில் இன்னொரு சரக்கு வந்துவிட்டது: டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு. அதை மூட்டை கட்டவும் வேண்டாம், மாதிரி பார்க்கவும் வேண்டாம். எந்தத் தெருமுனையிலும் நின்று விற்கலாம். கையில் இல்லாத பங்கையே ஐசக் லெ மேர் என்ற வியாபாரியின் கூட்டத்தார், பிறகு தருவதாகச் சொல்லி முன்பேரமாக விற்றார்கள். 1610இல் அதற்குத் தடை வந்தது. வழக்குக்குப் போனால் செல்லாது என்று தெரிந்தும் அந்தப் பேரம் நிற்கவில்லை. வாக்குத் தவறினால் நாளைக்கு எவனும் பேச மாட்டான் என்ற பயம், சட்டத்தைவிடப் பெரிய ஜாமீன்.

நேர விஷயத்திலும் அதே கதை நடந்தது. 1688இல் இந்தப் பங்கு வியாபாரத்தைப் பற்றி ஸ்பானிய மொழியில் எழுதிய ஜோசப் டி லா வேகா சொல்வதைப் பாருங்கள். 10 மணி முதல் 12 வரை ஊர் நடுவே இருக்கும் டாம் சதுக்கத்தில் பேரம். 12 முதல் 2 வரை உங்கள் கட்டடத்தில். நீங்கள் குறித்த ஒரு மணி நேரத்தைப் பங்குக்காரர்கள் நான்காக்கிவிட்டார்கள். அதுவும் போதாமல் கால்வர் தெருக் காப்பிக்கடைகள் வேறு.

பேரம் பேசும் விதத்தையும் அவர் விவரிக்கிறார். ஒருவன் உள்ளங்கையை நீட்டுவான், இன்னொருவன் அதில் அடிப்பான். விலை சொல்லித் திரும்ப ஓர் அடி. மறுபடி அடி, மறுபடி விலை. கை சிவந்து போகுமாம். எங்கள் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சத்தமில்லாமல் விலை பேசுவார்கள். உங்கள் ஆட்கள் ஊரே பார்க்க அடித்துக்கொண்டார்கள்.

இதில் எனக்குச் சிரிப்பு வரும் இடம் ஒன்று உண்டு. உங்கள் சந்தை திறப்பதற்கு முந்தைய வருடம்தான், 1610இல், அதே கம்பெனி எங்கள் பழவேற்காட்டில் துணி வாங்கக் காலூன்றியது. அங்கே ஏற்றிய துணி உங்கள் ஊர் போய்ச் சேர மாதக்கணக்காகும். செய்தியும் அதே கப்பலில்தான். ஆடி அசைந்து வரும் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கையில் அடித்துக்கொள்ள என்ன இருந்தது? ஒருவன் சொன்ன விலையை இன்னொருவன் கேட்டு, அதைக் கேட்டு மூன்றாமவன் பயந்து... அதுதான் இருந்தது.

ஆகவே என் கோரிக்கை இது. மணி நேரத்தைக் கூட்டாதீர்கள், யார் வந்து கெஞ்சினாலும். டாம் சதுக்கத்தில் நிற்பவர்களைத் துரத்தவும் வேண்டாம். துரத்தினால் காப்பிக்கடைக்குள் போவார்கள், உங்களுக்குத்தான் தெரியாமல் போகும். லண்டனிலும் 1698இல் பங்குத் தரகர்கள் ராயல் எக்ஸ்சேஞ்சை விட்டு ஜோனாதன் காப்பிக்கடைக்குப் போனார்கள். அதற்குப் பதிலாக, தினமும் 12 மணிக்கு முற்றத்தில் கடைசியாகப் பேசிய விலையை வாசலில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். கம்பெனிக் கணக்கரிடம் பங்கைப் பெயர் மாற்ற வருபவர்களும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வரட்டும். வெளியே ஏமாந்தவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

எங்கள் காலத்துக் கதையையும் கேளுங்கள். இங்கே சந்தை காலை 9:15 முதல் மாலை 3:30 வரை. அது முடிந்த பிறகும் கிஃப்ட் நிஃப்டி என்று, எங்கள் பங்குக் குறியீட்டெண் மீதான முன்பேரம் ஒன்று நடுராத்திரி தாண்டி ஓடுகிறது. அமெரிக்காவில் ஒரு நாளைக்கு 23 மணி நேரம் நடத்த 2024இல் ஒரு சந்தைக்கு அனுமதியே கொடுத்துவிட்டார்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் கை தானாகச் செல்போனுக்குப் போகிறது. வீட்டில் திட்டு வேறு.

உங்கள் கட்டடத்தை 1835இல் இடித்துவிட்டார்கள். அதுவரையிலாவது அந்தப் பன்னிரண்டு மணி மணியைக் கொஞ்சம் பலமாக அடிக்கச் சொல்லுங்கள், டாம் சதுக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி.

இப்படிக்கு,
முகூர்த்தத்தில் வாங்கிய இரண்டு பங்கை இன்னும் விற்காத ஒருவன்