அடுப்பெரியும் வீடுகளாக வையுங்கள்: ஏற்காட்டுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் சேலத்தில் பழைய மரச்சாமான் கடை ஒன்றில் ஒரு வாசல் நிலையைப் பார்த்தேன். ஏற்காட்டு மலைக் கிராமத்தில் பிரித்த வீட்டிலிருந்து வந்ததாம். கீழ்ப்படி நடுவில் மட்டும் குழிந்து தேய்ந்திருந்தது, எத்தனை தலைமுறைக் கால் பட்டதோ. மேல்சட்டத்தில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. அறுத்து டீப்பாய் செய்யப் போகிறார்கள் என்றதும் எனக்கு மனசே ஆறவில்லை.

சேர்வராயன் மலையில் மலையாளி எனப்படும் தமிழ் பேசும் பழங்குடி மக்கள், மூங்கில் தட்டிக்குச் செம்மண் பூசிப் புல் வேய்ந்து கட்டிய வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவர்கள் காங்கிரீட் வீடு கட்டிக்கொள்வது அவர்கள் விருப்பம், மழைக்கு ஒழுகாத வீடு யாருக்குத்தான் வேண்டாம்? நான் கேட்பது, எப்படியும் பிரிக்கப்போகிற வீடுகளில் நாலைந்தையாவது நல்ல விலை கொடுத்து வாங்கி, மலைமேலேயே ஓர் இடத்தில் திரும்ப எழுப்புங்கள் என்பதுதான்.

ஸ்வீடனில் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 1891-லேயே இதைச் செய்தார். நாட்டின் பல மூலைகளிலிருந்து பழைய மர வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து ஸ்டாக்ஹோமில் திறந்தவெளி அருங்காட்சியகமாக நிறுத்தினார், ஸ்கான்சென் என்று பெயர். அவ்வளவு தூரம் எதற்கு, சென்னைக்கு அருகே நம் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் 1996 முதல் செட்டிநாட்டு வீடும் கேரளத்து மர வீடும் நிற்கின்றனவே. மரத்தில் உள்ள வசதி அது, தூணுக்கும் விட்டத்துக்கும் எண் போட்டுக் கழற்றினால் அதே வரிசையில் பூட்டிவிடலாம். மண்சுவரைத்தான் தூக்கி வர முடியாது, அதைப் புதிதாகப் பூச வேண்டும், பூசத் தெரிந்தவர்களுக்கு இப்போதே வயதாகிவிட்டது. தயவுசெய்து சிமெண்டில் குடிசை கட்டி மூங்கில் மாதிரி பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

அப்புறம் அடுப்பு. நாகலூர் பக்கம் ஒரு பாட்டி வீட்டுக்குள் போயிருக்கிறேன். அடுப்புக்கு நேர் மேலே அட்டாலி என்கிற பரண், அதில் விதைக்கு எடுத்து வைத்த கேழ்வரகுக் கதிர், சுற்றிலும் மூங்கிலெல்லாம் புகை குடித்துக் குடித்துக் கருகருவென்று, எண்ணெய் தடவினாற்போல் மின்னியது. புகை நின்றுபோனால் வண்டு துளைத்து வீடே உளுத்துப்போகும் என்றார். ஆக, வீட்டைப் பூட்டி வைத்து வெளியே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தால் நாலைந்து மழைக்காலத்தில் அது போய்விடும். தினமும் அடுப்பெரிய வேண்டும், உரலில் சாமை குத்த வேண்டும், இதையெல்லாம் வேஷம் போட்ட ஆட்கள் செய்யாமல் அந்த ஊர்ப் பெண்களே மாதச் சம்பளத்துக்குச் செய்ய வேண்டும். கூரைக்குப் புல்லும் மூங்கிலும் அடிக்கடி தேவைப்படும், வனத்துறையோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே மூங்கிலைச் சிறு வனப்பொருள் என்றுதான் சொல்கிறது.

ஆனால் முதலில் அந்த மக்களைக் கேளுங்கள். அவர்களைக் கீழே கூப்பிடாமல், நீங்களே மேலே போய் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வீட்டைக் கொடுப்பார்கள், எதைத் தொடக்கூடாது, யார் கூரை வேய்வார்கள் என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

அந்த வாசல் நிலையை அறுக்க வேண்டாம் என்று சொல்லி முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறேன். இடம் எதுவென்று சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டிவாசி ஒருவன்