இரண்டு மறுப்பு, இரண்டு காரணம்

அன்புள்ள பிலோமினா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்ததில் எங்களுக்கும் ரொம்ப சந்தோஷம். பங்குக் கோவிலில் திருமணத் தயாரிப்பு வகுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்களாமே, நல்ல கையில்தான் கொடுத்திருக்கிறார்கள். கருத்தடையையும், உடம்பின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய, கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்லையும் கத்தோலிக்கத் திருச்சபை மறுப்பது ஒரே காரணத்துக்காகவா என்று கேட்டிருந்தாய்.

இல்லை. இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் வகுப்பு முழுக்கக் குழப்பம்தான்.

ஆணுறையில் கரு உண்டாவதே இல்லை, அங்கே உயிரைக் கொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 ஜூலையில் வெளியிட்ட 'ஹூமானே வீத்தே' மடல் சொல்லும் காரணம் வேறு: தாம்பத்திய உறவில் கணவன் மனைவி ஒன்றிப்பும் பிள்ளைப்பேறுக்கான வாய்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன, அவற்றை மனிதன் பிரிக்கக் கூடாது. அவருடைய ஆலோசனைக் குழுவில் பெரும்பான்மையோர் 1966-இல் தடையைத் தளர்த்தலாம் என்று சொல்லியும் அவர் ஏற்கவில்லை. இதை மறைக்காதே, பிள்ளைகள் செல்போனில் படித்துவிட்டுத்தான் வருவார்கள். அதே மடலின் 15-ஆம் பத்தி நோய்க்கான சிகிச்சையை அனுமதிக்கிறது. அதிக உதிரப்போக்குக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஹார்மோன் மாத்திரையைப் பயந்து நிறுத்த வேண்டாம் என்று பெண்களிடம் அழுத்திச் சொல்.

ஸ்டெம் செல் விஷயத்தில் கேள்வியே கருவைப் பற்றியது. கருத்தரித்த ஐந்தாம் ஆறாம் நாளில் அது நூறு, இருநூறு செல்கள் கொண்ட, உள்ளே நீர் கோத்த உருண்டை. வெளிச்சுவர் பின்னால் நஞ்சுக்கொடியாகும், உள்ளே ஓர் ஓரமாக ஒட்டியிருக்கும் சிறு திரள்தான் குழந்தையாகும். 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் வெளிச்சுவரை நீக்கி, அந்தத் திரளை மட்டும் தட்டில் வளர்த்தார்கள். அடியில் விரிப்பாக எலிக்கருவின் செல்கள் இருந்தன, அவை பெருகாதபடி கதிர்வீச்சு கொடுத்திருந்தார்கள். இப்படி எடுத்ததும் அந்தக் கரு முடிந்துவிடுகிறது. கரு உண்டான கணத்திலிருந்து அதை மனிதராக மதிக்க வேண்டும் என்பது திருச்சபையின் நிலை, வத்திக்கான் வெளியிட்ட 1987, 2008 ஆவணங்கள் இரண்டும் அதையே சொல்கின்றன. யாருக்கு நன்மை வந்தாலும் இது கூடாது என்பது அதிலிருந்து வருவது. மருத்துவச் சிக்கலும் உண்டு: மாதக்கணக்கில் வளர்த்தால் குரோமோசோம்கள் மாறிப்போகலாம், முதிராத செல்கள் கலந்து உடம்புக்குள் போனால் டெரட்டோமா என்ற கட்டி வரலாம்.

மறுப்பு செல்லுக்கு இல்லை, அதை எடுக்கும் இடத்துக்கு. ஸ்டெம் செல் உள்ள எலும்பு மஜ்ஜையின் தானத்துக்கோ தொப்புள்கொடி ரத்தத்துக்கோ தடை இல்லை. ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு மஜ்ஜை கொடுக்க ஒருவர் மதத்தின் பெயரால் தயங்கினால் அது எவ்வளவு வீணான இழப்பு! ஜப்பானிய விஞ்ஞானி யாமனாக்கா 2006-இல் எலியின் செல்லிலும் 2007-இல் மனிதத் தோல் செல்லிலும் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, கருவே இல்லாமல் ஸ்டெம் செல் உண்டாக்கினார். 2012-இல் நோபல் வாங்கினார். நான்கில் ஒன்று புற்றுநோயோடு தொடர்புள்ளது என்பதால் அதைத் தவிர்க்கும் முறைகளும் வந்துவிட்டன.

இரண்டு கேள்வியும் சந்திக்கும் இடம் காப்பர் டி. முக்கியமாக அது விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. ஆனால் கருத்தரித்தபின் ஒட்டவிடாமலும் தடுக்கலாம் என்பதால் திருச்சபையின் மறுப்பு அங்கே இரட்டிப்பாகிறது.

கலப்புத் திருமண ஜோடிகளும் உன் வகுப்புக்கு வருவார்கள் அல்லவா? இஸ்லாமிய அறிஞர்கள் பலர் கருவில் ஆன்மா ஊதப்படுவது 120 நாளில் என்று கொள்கிறார்கள், தற்காலிகக் கருத்தடையை ஏற்று, நிரந்தர அறுவையை மறுப்பவர்கள் அதிகம். தெஹ்ரானின் ரோயான் நிறுவனம் மதத்தலைமையின் ஒப்புதலோடுதான் கரு ஸ்டெம் செல்லை வளர்த்தது. யூத மரபில் முதல் நாற்பது நாள் கரு வெறும் நீர் போன்றது என்று அவர்களின் சட்ட நூலான தல்மூத் சொல்கிறது. இந்துக்களுக்கு எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே பீடம் கிடையாது.

சோதனைக் குழாய் சிகிச்சைக்குப் போகும் தம்பதிக்கு இது வெறும் வாதமாக இருக்காது. நம் நாட்டின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி மிஞ்சிய கருவைப் பத்து ஆண்டுவரை உறையவைக்கலாம், பிறகு அழியவிடுவார்கள், அல்லது தம்பதி சம்மதித்தால் ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்கள். படிவத்தில் கையெழுத்துப் போடும்முன் அந்தப் பகுதியை இருவரும் உட்கார்ந்து படிக்கட்டும்.

திருச்சபை ஏற்கும் இயற்கைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையைச் சொல்லிக்கொடுக்கும்போது 'நாள் எண்ணுவது' என்று விட்டுவிடாதே, அங்கேதான் தவறுகிறது. காலையில் படுக்கையைவிட்டு எழுமுன், தினமும் ஒரே நேரத்தில், இரண்டு தசமம் காட்டும் தெர்மாமீட்டரில் வெப்பம் பார்க்க வேண்டும். முந்தைய ஆறு நாளின் அளவுகளைவிட 0.2 டிகிரி செல்சியஸாவது ஏறி மூன்று நாள் நின்று, வழவழப்பான கசிவும் வற்றிய பிறகுதான் கருத்தரிக்காத நாட்கள். விந்தணு ஐந்து நாள்வரை உயிரோடிருக்கும், கருமுட்டை ஒரு நாள்தான். காய்ச்சல், இரவு ஷிப்ட், தூக்கம் கெட்ட இரவு எல்லாம் அளவைக் குழப்பும், அந்த நாட்களைத் தனியாகக் குறிக்கச் சொல். கருத்தரிக்காமலிருக்கத் தாய்ப்பால் கொடுப்பதை நம்புகிறவர்களுக்கு மூன்று நிபந்தனை: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. கஞ்சி ஊட்ட ஆரம்பித்தாலே நம்ப முடியாது.

வெப்ப அட்டவணை ஒன்று வரைந்து அடுத்த தபாலில் அனுப்புகிறேன், ஆளுக்கு மூன்று பிரதி எடுத்துக்கொள். அந்தோணி அண்ணனுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
செல்வி