ஆடிட்டர் அலுவலகத்தில் எதைப் பூட்டுவது? நண்பருக்குக் கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆறு பேர் வேலை பார்க்கும் அளவுக்கு உன் அலுவலகம் வளர்ந்திருப்பதும் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஜூலை மாத வரிக் கணக்கு நெருக்கடிக்கு முன் எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே உனக்குப் போதும், அதற்குத் தனியாகச் செலவு செய்யாதே. நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் ஓட்டை வேறு இடங்களில் இருக்கிறது.

முதலில் உன் கணக்கு மென்பொருளான டாலி. வீட்டிலிருந்து அதைத் திறக்க ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது இணைய வாசலை, திறந்து வைத்திருக்கிறாய். இன்றே மூடு. தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் அது. இணையத்தில் தானியங்கி நிரல்கள் ஓயாமல் அதைத் தேடி, திறந்திருக்கும் கணினிகளில் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் சிறு அலுவலகங்களுக்குள் வரும் வழக்கமான வழி இது. போர்ட் எண்ணை மாற்றினால் போதும் என்று சர்வீஸ் ஆள் சொல்வார். போதாது, எல்லா எண்களையும் துழாவும் நிரல்கள் இருக்கின்றன. வயர்கார்டு போன்ற ஒரு விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) போட்டு, அதன் வழியாக மட்டும் டாலி கணினிக்குள் போ. மூடிய பின் வைஃபையை அணைத்துவிட்டு, போனின் மொபைல் டேட்டாவில் பழைய முறையில் நுழைய முயன்று பார். நுழைய முடியாவிட்டால்தான் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

டாலியின் தரவைப் பூட்டும் டாலிவால்ட் பாஸ்வேர்டு போட்டிருப்பது நல்லது. ஆனால் அது ரேன்சம்வேரைத் தடுக்காது. நீ பூட்டிய கோப்பின் மேல் தாக்குகிறவன் இன்னொரு பூட்டைப் போட்டுவிடுவான். டாலிவால்ட் பாஸ்வேர்டை மறந்தால் மீட்க வழியே இல்லை என்பதால் அதை ஒரு காகிதத்தில் எழுதி உறையிலிட்டு லாக்கரில் வை. கோப்புகளைத் திரும்பத் தருவது பேக்கப் மட்டும்தான். நீ வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே செருகியிருக்கிறது, ஆகவே சர்வர் போனால் அதுவும் சேர்ந்தே போகும். இரண்டு டிஸ்க் வாங்கி வாரம் மாற்றிப் பயன்படுத்து. பேக்கப் முடிந்ததும் கழற்றிவிடு, ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கம்பெனியின் தரவை வேறு கணினியில் மீட்டு, டாலியில் திறந்து பார். ‘பேக்கப் முடிந்தது’ என்று திரையில் வந்ததை நம்பியிருந்து, தேவைப்பட்ட நாளில் காலியான கோப்புகளைக் கண்டவர்கள் நிறைய.

அடுத்தது வாட்ஸ்அப். கிளையன்ட் அனுப்பும் ஆதார், பான் படங்கள் உன் பையன்களின் போன் கேலரியில் விழுகின்றன. அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்குப் போய்விடலாம். வேலையை விட்டுப் போகிறவனோடு உன் கிளையன்ட்களின் ஆவணங்களும் போய்விடும். அலுவலகத்துக்கென்று ஒரு போன், ஒரு எண் வை. அதில் மீடியா தானாக கேலரியில் சேர்வதை அணைத்துவிடு. ஆதார் தேவைப்பட்டால் முதல் 8 இலக்கம் மறைந்த ‘மாஸ்க்டு ஆதார்’ போதுமா என்று முதலில் பார். பிடிஎஃபில் எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வரைவதை மறைத்ததாக எண்ணாதே, பல மென்பொருள்களில் அடியிலிருக்கும் எழுத்து அப்படியே இருக்கும்.

இந்தக் கோப்புகளின் பாஸ்வேர்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இ-ஆதார் கோப்புக்குப் பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும். வருமான வரித் துறை தரும் ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) கோப்புக்குப் பான் எண்ணும் பிறந்த தேதியும். இந்த விவரமெல்லாம் உன் ஃபோல்டரில் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே அந்தப் பாஸ்வேர்டுகள் உன் அலுவலகத்துக்குள் எதையும் காக்காது. டிஸ்க்கையே விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் குறியாக்கு. அதன் ரெகவரி கீயை அந்தக் கணினியிலேயே வைக்காமல் அச்சிட்டு லாக்கரில் வை.

எல்லா கிளையன்ட்களின் வரித்தள பாஸ்வேர்டுகளும் ஒரே எக்செல்லில் இருக்கின்றன என்றாயே, உன் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான். ‘ப்ரொடெக்ட் ஷீட்’ என்பது செல்களை மாற்றவிடாமல் செய்யும் வசதி, குறியாக்கம் அல்ல. அதை எளிதில் கழற்றிவிடலாம். கீபாஸ் அல்லது பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு பெட்டக மென்பொருளுக்கு மாறு. ஒவ்வொருவருக்கும் அவரவர் கையாளும் கிளையன்ட் மட்டும் தெரியட்டும். மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லாதே, கடைசி எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு போவார்கள். நீளமான பாஸ்வேர்டு, தளத்துக்கு ஒன்று, ஆள் விலகிய அன்றே மாற்றம், இவ்வளவு போதும். இன்னொன்று: வரித்தளத்தில் கிளையன்டின் மொபைல், மின்னஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் உன் ஆட்களுடையதைப் போட்டிருந்தால் மாற்றிவிடு. ஓடிபி உரியவருக்குத்தான் போக வேண்டும். வரித்தளக் கணக்குக்குக் கூடுதல் பூட்டுப் போடும் ‘இ-ஃபைலிங் வால்ட்’ வசதியை அவர்களையே இயக்கச் சொல்.

டிஎஸ்சி டோக்கன்கள் (டிஜிட்டல் கையெழுத்து உள்ள யுஎஸ்பி சாதனங்கள்) விஷயத்தில் தயவுசெய்து கண்டிப்பாக இரு. கம்பெனி இயக்குநர்களின் டோக்கன்கள் மேசை டிராயரில், பின் எண் ஸ்டிக்கரோடு கிடக்கக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 42-ஆவது பிரிவின்படி கையெழுத்துக்கான தனிச்சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டியவர் அதன் உரிமையாளர்தான். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடு. வைத்தே ஆக வேண்டுமென்றால் லாக்கரும் பதிவேடும் வேண்டும்: எந்தத் தேதி, எந்தப் படிவம், யார் எடுத்தார். பின் எண்ணை உரியவரே வந்து போடட்டும். செருகியபடி விட்டுப்போன டோக்கனும் திறந்த ரிமோட் இணைப்பும் சேர்ந்தால் வெளியிலிருப்பவனால் கையெழுத்தே போட முடியும். தொலைந்தால் சான்றிதழ் தந்த நிறுவனத்திடம் உடனே ரத்து செய்யச் சொல்.

ரீஃபண்ட் வந்திருக்கிறது என்று சொல்லும் மெயில்கள் ஜூலையில் குவியும். இணைப்பைத் தொடாமல் முகவரியைக் கையால் தட்டச்சு செய்யப் பழக்கு. யாராவது வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் போட்டால், மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்லாமல் உன்னிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு அழைத்து உறுதிசெய்த பிறகே மாற்றச் சொல்.

ஏதாவது நடந்துவிட்டால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கு, வைஃபையை அணை, எதையும் அழிக்காதே. பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழை. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்த கணக்குக்கு நகரும். இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு, இத்தகைய சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. உன் கிளையன்ட்களுக்கும் மறைக்காமல் சொல். இந்த எண்களையும் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிடு. கணினி முடங்கிய நேரத்தில் கணினிக்குள் இருக்கும் குறிப்பை யாராலும் திறக்க முடியாது.

அன்புடன்,
உன் நண்பன்