இறாத்தலுக்கு இறங்கிவிட்டு ஏறு

அன்புள்ள மகளுக்கு,

பேரன் பிறந்த நிறை 3.4 கிலோ என்று எழுதியிருந்தாய். நல்ல நிறை. ஆனால் உன் மாமி கேட்டதற்கு 7 இறாத்தல் 5 அவுன்ஸ் என்று சொன்னாயாம், அது பிழை. ஒரு இறாத்தல் 0.4536 கிலோ என்பதால், 3.4ஐ 0.4536ஆல் வகுத்தால் கல்குலேட்டரில் ஏறத்தாழ 7.5 வரும். புள்ளிக்குப் பின்னால் நிற்கும் 5 அவுன்ஸ் அல்ல, அது அரை இறாத்தல். இறாத்தலுக்கு 16 அவுன்ஸ் என்பதால் 0.5ஐ 16ஆல் பெருக்க வேண்டும். பேரன் 7 இறாத்தல் 8 அவுன்ஸ். பிள்ளையிடமிருந்து 3 அவுன்ஸை, அதாவது 85 கிராமை, பறித்துவிட்டாய்.

பிரித்தானியாவில் உங்கள் பெட்டிகளில் 'எல்.பி.' (lb) என்று போட்டிருப்பதும் நாங்கள் இறாத்தல் என்பதும் ஒன்றுதான். லத்தீனின் 'லிப்ரா' என்ற சொல்லின் சுருக்கம் அது. பவுண்ட் என்று சொல்லாமல் இறாத்தல் என்றே வைத்துக்கொள்: காசும் பவுண்ட், நகைக்கடையில் 8 கிராமும் பவுண், எல்லாம் சேர்ந்து குழப்பும்.

16 அவுன்ஸ் ஒரு இறாத்தல், 14 இறாத்தல் ஒரு ஸ்டோன், 8 ஸ்டோன் ஒரு அந்தர், 20 அந்தர் ஒரு தொன். படிக்குப் படி எண் மாறுவதுதான் தலையிடி. கிலோவில் புள்ளியை நகர்த்தினால் வேலை முடிந்துவிடும். இங்கே அது செல்லாது. அதனால் எந்தக் கணக்கானாலும் முதலில் முழுவதையும் இறாத்தலாக்கு, பிறகு வேண்டிய படிக்கு ஏறு. ஸ்டோனிலிருந்து நேரே கிலோவுக்குத் தாவாதே. 1959இல் ஆறு நாடுகள் கூடி இறாத்தலைச் சரியாக 0.45359237 கிலோ என்று நிறுத்தின; கிலோவுக்குப் பாலம் அந்த ஒரு இடத்தில்தான்.

நூற்றுவீதம் பார்ப்பதென்றால் இன்னும் கீழே, அவுன்ஸுக்கே இறங்கு. பிறந்த குழந்தைகள் முதல் சில நாட்களில் கொஞ்சம் நிறை குறைவது வழமை. 10 வீதத்துக்கு மேல் போனால்தான் மருத்துவமாது கவனமாகப் பார்ப்பார். 7 இறாத்தல் 8 அவுன்ஸ் என்பது 7 × 16 + 8, அதாவது 120 அவுன்ஸ். பத்திலொன்று 12. ஆகவே எல்லை 108 அவுன்ஸ். 16ஆல் வகுத்தால் 6, மீதி 12. 6 இறாத்தல் 12 அவுன்ஸ். இதையே 7.8 என்று அடித்து 10 வீதம் கழித்தால் 7.02 என்று வரும். 7 இறாத்தலுக்குக் கொஞ்சம் கீழே போனதும் வீணாகப் பதறுவாய்.

உன் நிறைக்கு ஸ்டோன். 10 ஸ்டோன் 6 என்றால் 140 + 6 = 146 இறாத்தல், 66.2 கிலோ. அதை 10.6 ஸ்டோன் என்று எழுதினால் அது 10 ஸ்டோன் 8 இறாத்தலுக்கும் மேல். திரும்பி வரும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. 63.4 கிலோ 139.77 இறாத்தல், 9 ஸ்டோனுக்கு 126 போக மீதி 13.77. அதை முழு எண்ணாக்கி '9 ஸ்டோன் 14' என்று எழுதக்கூடாது, அப்படி ஒரு நிறையே இல்லை, 10 ஸ்டோன். 7 இறாத்தல் 16 அவுன்ஸும் அதே மாதிரிதான். முதலில் மொத்த இறாத்தலை முழு எண்ணாக்கிவிட்டுப் பிறகு பிரித்தால் இந்தத் தொல்லை வராது.

வாய்க்கணக்குக்குக் கிலோவை இரட்டித்து அதில் பத்திலொன்றைக் கூட்டு: 70க்கு 140, அதோடு 14, ஆக 154. உண்மையான விடை 154.3. பேச்சுக்குப் போதும்.

மாமியின் பழைய கேக் குறிப்பில் 8 அவுன்ஸ் மா என்றிருந்தால் 226.8 கிராம், 225 போடு, ஒன்றும் ஆகாது. சில புத்தகங்கள் சுலபத்துக்காக அவுன்ஸை 25 கிராம் என்று பிடிக்கும், அங்கே 8 அவுன்ஸ் 200 ஆகிவிடும். எல்லாப் பொருளும் அதே கணக்கில் குறைந்தால் கேக் சின்னதாக வரும், அவ்வளவுதான். மாவைக் கிராமிலும் பட்டரை அவுன்ஸிலும் பார்த்து நிறுத்தால்தான் கெடும். திரவ அவுன்ஸ் நிறையே அல்ல, கொள்ளளவு. தண்ணீருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். தேனுக்கு ஒத்துப்போகாது, தேன் பாரம் கூடியது. தங்க விலையில் வரும் அவுன்ஸும் வேறு: 31.1 கிராம். சமையலறை அவுன்ஸ் 28.35.

அந்தரும் தொன்னும் உனக்கு அதிகம் தேவைப்படாது. ஊரில் இப்போது 50 கிலோ மூட்டையையே அந்தர் என்கிறார்கள். அசல் அந்தர் 112 இறாத்தல், 50.8 கிலோ. அமெரிக்கர்கள் அதை 100 இறாத்தலாக்கி, தொன்னையும் 2000இல் நிறுத்திவிட்டார்கள். பிரித்தானியத் தொன் 2240. இணையத்தில் மாற்றிப் பார்க்கும்போது எந்த நாட்டுத் தொன் என்று பார்த்துக்கொள்.

ஒன்றை மட்டும் மாற்றவே மாற்றாதே. நிறை பார்த்துக் கொடுக்கும் மருந்தென்றால் குழந்தையின் நிறையைக் கிலோவில் மட்டும் சொல். இறாத்தல் எண்ணை யாராவது கிலோ என்று எடுத்துக்கொண்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அவர்கள் தந்த சிவப்புப் புத்தகத்தில், அதாவது குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில், உள்ள எண்ணைப் பார்த்து அப்படியே வாசி.

அடுத்த முறை நிறுத்ததும் கிலோவில் எழுது, 3.62 என்றால் 3.62 என்றே. மாமிக்கு அவுன்ஸ் சொல்வதற்கு முன் ஒருதரம் 16ஆல் பெருக்கிப் பார்.

அன்புடன்,
அப்பா