மாத்திரைக்கு முன்னால் மரபணுப் பரிசோதனை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கான மாத்திரைகளைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். நோய் பரவிய பிறகும் கட்டி சுருங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த மாத்திரை யாருக்குப் பொருந்தும் என்று கட்டுரை சொல்லவே இல்லை. முப்பது வருடம் உயிரியல் பாடம் நடத்தியவள் என்பதால் அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

தோல் செல் சும்மா பிரிந்துவிடாது. வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் வந்து செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்ட வேண்டும். உடனே உள்ளே ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்களில் ஒன்று அடுத்ததைத் தட்டி எழுப்பும். கடைசியில் எர்க் உட்கருவுக்குள் போய், பிரிவதற்கான மரபணுக்களை இயக்கும். வகுப்பில் இதை வாய்க்கால் மதகோடு ஒப்பிட்டுச் சொல்வேன். முறை வந்தால் திறப்பார்கள், வயல் நனைந்ததும் அடைத்துவிடுவார்கள். மெலனோமா வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, நடுவிலுள்ள பி-ராஃப் (ராஃப் புரதங்களில் ஒரு வகை) மதகு திறந்தபடியே சிக்கிக்கொள்கிறது. அந்தப் புரதச் சங்கிலியின் 600ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் பெரும்பாலும் குளூட்டாமிக் அமிலம் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் மாற்றம். அப்புறம் வளர்ச்சிக் காரணி வந்தாலும் வராவிட்டாலும் செல் பிரிந்துகொண்டே இருக்கும். 2002இல் இதைக் கண்டுபிடித்தார்கள். 2011இல் வெமுராஃபெனிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அந்த மாத்திரை பழுதான பி-ராஃபைத்தான் அடைக்கும். பழுதில்லாத செல்லில் அது எதிர்வேலை செய்யும். நல்ல ராஃப் புரதங்கள் ஜோடி சேர்ந்து இயங்குபவை. ஜோடியில் ஒன்றில் மருந்து ஒட்டினால் மற்றது இன்னும் தூண்டப்படுகிறது, அதுவும் ராஸ் ஏற்கெனவே விழித்திருக்கும் செல்லில். இந்த மருந்தை மட்டும் சாப்பிட்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத் தோலில் வேறு வகைப் புற்றுக்கட்டி முளைத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். இப்போது மெக்கை அடைக்கும் மருந்தையும் சேர்த்தே கொடுப்பதால் அது குறைந்திருக்கிறது.

நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு மெலனோமா அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம் பார்க்கிறார்கள். வெயில் படாத இந்த இடங்களில் வரும் கட்டிகளில் பி-ராஃப் பழுது குறைவு. சிலருக்கு வாய்க்காலின் தலைமதகு போன்ற கிட் என்ற ஏற்பியே கெட்டிருக்கும், அதற்கு மருந்து வேறு. ஆகவே கட்டித் திசுவில் மரபணுப் பரிசோதனை செய்யாமல் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

மச்சம் உள்ளவர்களைக் கட்டுரை இவ்வளவு பயமுறுத்தியிருக்கவும் வேண்டாம். சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றில் இதே பி-ராஃப் பழுது உண்டு. ஆனாலும் கொஞ்சம் வளர்ந்ததும் அந்தச் செல்கள் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன.

அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். உள்ளங்காலில் புதிதாகத் தோன்றிப் பெரிதாகும் கரும்புள்ளியைத் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மெலனோமா என்று உறுதியாகி மாத்திரைப் பேச்சு வந்தால், “பி-ராஃப் பரிசோதனை ஆயிற்றா டாக்டர்?” என்று வீட்டார் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
தஞ்சாவூர்