எட்டாம் நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய பயணத் திட்டத்தைத் தம்பி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். மூன்று நாளாக அது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது, மடிப்பில் கிழியவும் ஆரம்பித்துவிட்டது. சென்னையில் கிளம்பி, கடலை விட்டு விலகாமல், ஏழாம் நாள் கன்னியாகுமரி. கட்டம் கட்டமாக, ஊர், கிலோமீட்டர், தங்குமிடம் என்று எல்லாம் போட்டிருக்கிறாய். எங்கள் டிப்போவில் டைம் கீப்பர்கூட இப்படி எழுதினதில்லை. போனில் சொல்லலாம் என்றால் "அப்புறம் பேசறேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் ஓட்டாதே. ஆறு மணிக்கு எந்த ஊரில் இருக்கிறாயோ அந்த ஊரிலேயே தங்கிவிடு. முன்பணம் கட்டிய அறை போனால் போகட்டும்.

தை மாதம் என்று வைத்தது சரி. ஐப்பசி, கார்த்திகை என்று இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது முறிந்த தென்னைகளுக்குக் கணக்கே இல்லை. தையில் கடல் அடங்கியிருக்கும், வானம் துலக்கமாக இருக்கும். ஆனால் காலையில் பனி இறங்கும். கடலூர் தாண்டி எட்டு மணி வரைக்கும் எதிரே வருவது லாரியா மாடா என்று தெரியாது. காலைக் காப்பியை நிதானமாகக் குடித்துவிட்டுக் கிளம்பு.

முதல் நாள் புதுச்சேரி, 150 கிலோமீட்டர்தான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சனி, ஞாயிறாக மட்டும் இருக்க வேண்டாம், அந்தச் சாலையில் பைக் பையன்கள் பறப்பார்கள். பெட்ரோல் புதுச்சேரியில் கொஞ்சம் மலிவு. காரைக்காலும் அந்தக் கணக்குதான், அங்கே இன்னொரு தடவை நிரப்பிக்கொள். பிச்சாவரத்தில் துடுப்புப் படகு எடு. விசைப்படகு சின்ன வாய்க்காலுக்குள் நுழையாது. படகில் போகும்போது கிளையை எட்டி ஒடிக்காதே. உனக்குச் சின்ன வயசிலிருந்தே அந்தப் பழக்கம். அங்கே தில்லை மரம் இருக்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கெடுதல். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே அந்த மரத்தால்தான்.

தரங்கம்பாடிக்கு ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறாய். அது போதாது. 1620-இல் டேனிஷ்காரன் கட்டிய கோட்டை அப்படியே நிற்கிறது. பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் முன்பக்கமாகத் தின்றுகொண்டே வந்தது. எனக்கு அங்கே பிடித்தது கோட்டையும் இல்லை, கோயிலும் இல்லை. அந்தக் கடற்கரையில் மத்தியானம்கூடத் தலையைத் துவட்டுகிற மாதிரி ஒரு காற்று அடிக்கும். டியூட்டியில் போகும்போது பத்து நிமிஷம் இறங்கி நின்றிருக்கிறேன். உங்களையும் கூட்டிவர வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். கூட்டிப்போகவில்லை. சரி.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும்தான் எனக்குக் கவலை. நாகப்பட்டினம் தாண்டியதும் அறுவடைக் காலம். நெல்லை ரோட்டிலேயே காயப்போடுவார்கள். பாதி ரோடு வண்டிக்கு, பாதி நெல்லுக்கு. வண்டி ஏறிவிடக் கூடாது என்று ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். இருட்டில் அது உன் ஹெட்லைட்டுக்குத் தெரியாது. ரோட்டின் நிறமும் கல்லின் நிறமும் ஒன்றுதான். இதை எந்த மேப்பும் சொல்லாது. இன்னொன்று, மீன் வண்டி. முன்னால் மீன் லாரி போனால் ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டே போகும். வளைவில் அதன்மேல் பிரேக் போட்டால் வண்டி உன் பேச்சைக் கேட்காது. விலகி, பின்தங்கிப் போ. வேளாங்கண்ணிப் பக்கம் நடந்து போகிறவர்கள் ஓரத்தில் இருப்பார்கள், ஹாரன் அடித்துப் பயமுறுத்தாதே.

நாகப்பட்டினத்தில் நிற்பதாகப் போடவில்லை. 2004 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அடுத்த வாரம் அந்த ரோட்டில் ஓட்டியவன் நான். நிற்காமல் போனாலும் தப்பில்லை.

வேதாரண்யத்தில் 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய இடத்தைப் பார். அகஸ்தியம்பள்ளியில் இப்போதும் உப்பளம் இருக்கிறது. கோடியக்கரையில் வெளிமானும் பூநாரையும் தையில் நிச்சயம் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு நாலரை மணி நேரம் என்று எழுதியிருக்கிறாயே, அதை அடித்துவிட்டு ஏழு என்று எழுது. ஏறக்குறைய 250 கிலோமீட்டர். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று ஊர் ஊராக வேகத்தடை. நடுவில் மல்லிப்பட்டினம் பக்கம் மனோராவில் இறங்காமல் போகாதே. நெப்போலியன் தோற்றதற்குத் தஞ்சாவூர் சரபோஜி ராஜா எட்டு மாடிக் கோபுரம் கட்டியிருக்கிறார். நெப்போலியனுக்கு இது தெரியாது.

நான் சொல்ல வந்தது ராத்திரி ஓட்டாதே என்பது.

இந்தத் தாளில் தங்குமிடம் என்ற கட்டத்தில் ஏழு நாளுக்கும் "அறை 1, ஆள் 1" என்று இருக்கிறது. டைப் அடிக்கும்போது விட்டுப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஏழு தடவையா விட்டுப்போகும்? மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது. அவருடைய கம்பெனியில் அப்படித்தான் என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் நம்பினாளா தெரியாது. தீபாவளிக்கும் நீ தனியாகத்தான் வந்தாய். நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தாதே. எல்லோரும் நிறுத்திப் படம் பிடிப்பார்கள், அதற்காக நீயும் நிறுத்தாதே. 1988-இல் திறந்த ரோட்டுப் பாலம் அது, காற்று பக்கவாட்டில் தள்ளும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடி. பக்கத்தில் ரயிலுக்கு 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே மேலே எழும்புமாம், நானும் இன்னும் பார்க்கவில்லை. தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடு, சாயங்காலமானால் உள்ளே விடமாட்டார்கள். 1964 டிசம்பரில் ஊர் போனது, ரயிலோடு போனது என்று உனக்கு நானே கதை சொல்லியிருக்கிறேன். அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்தது 2017-இல், அதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். திரும்பியதும் வண்டியின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல், உப்பு தின்றுவிடும்.

ஆறாம் நாள் கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழி. ரோடு நேராக, ஆளில்லாமல், பனையும் உடைமரமுமாகப் போகும். அங்கேதான் தூக்கம் வரும். தூத்துக்குடி உப்பளத்து வெள்ளை மத்தியானத்தில் கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி வைத்துக்கொள். தூக்கம் வந்தால் நிறுத்து. பாட்டுப் போடுவது, முகம் கழுவுவது, பபிள்கம் மெல்லுவது எல்லாம் ஏமாற்று. ஓரம் கட்டி, கதவைப் பூட்டி, இருபது நிமிஷம் தூங்கு. இருபத்தெட்டு வருஷம் ஆக்ஸிடெண்ட் இல்லாமல் ஓட்டியவன் சொல்கிறேன், கேள்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பாப்பா, ஆக்ஸிடெண்ட் இல்லை என்பது நிஜம். தூங்கவில்லை என்பது நிஜமில்லை.

2001. நீ என்ஜினீயரிங் சேர்ந்த வருஷம். தூத்துக்குடி ராத்திரி சர்வீஸ், தொண்டி தாண்டி, மணி மூன்றரை இருக்கும். நாற்பது பேருக்கு மேல் வண்டியில். கண்ணை மூடியது எனக்குத் தெரியாது. இடது பக்கம் கருவேல முள் ஜன்னல் கம்பியில் கர்ரென்று இழுக்கிற சத்தம்தான் எழுப்பியது. இரண்டு சக்கரம் மணலில் ஓடிக்கொண்டிருந்தது. ஒடித்துத் திருப்பியிருந்தால் கவிழ்ந்திருக்கும். எப்படியோ காலை மட்டும் எடுத்தேன், மணலே வண்டியைப் பிடித்து நிறுத்தியது. கண்டக்டர் முழித்து "என்னண்ணே?" என்றார். ஆடு குறுக்கே வந்தது என்றேன். முன் சீட்டில் ஒரு பாட்டி, மடியில் கூடை. அந்த அம்மா தூங்கவே இல்லை. என்னையே பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன், நாங்க இருக்கோம்" என்றது. ஆடு இல்லை என்று அதற்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. டிப்போவில் நானும் ஆடு என்றே சொல்லிவிட்டேன்.

அந்த நாலு மாதமும் டபுள் டியூட்டி பார்த்தேனே, உன் ஃபீஸுக்கு என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். உன் கல்யாணத்தில்கூட மைக்கில் நீ அதைச் சொன்னாய், "எங்கப்பா தூங்காம ஓட்டின காசுல படிச்சேன்" என்று. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, இலையில் கையை வைக்கவும் முடியவில்லை. ஃபீஸுக்கு லோன் கிடைத்திருந்தது, பாப்பா. வீட்டுக்கு வரப் பிடிக்காமல்தான் கேட்டுக் கேட்டு டியூட்டி வாங்கினேன். உன் அம்மாவும் நானும் அந்த நாலு மாதம் பேசிக்கொள்ளவில்லை. உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம், அல்லது அப்படி நினைத்துக்கொண்டோம். பிழை என்னுடையதுதான், அது என்ன என்று இங்கே எழுதவில்லை. ரோட்டில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஸ்டியரிங் இருக்கிறது, அடுத்த ஸ்டாப் இருக்கிறது. டிப்போவில் வண்டியை விட்டு இறங்கும்போதுதான் கால் வராது.

அவளிடமும் இந்த ஆட்டுக் கதையைத்தான் இன்றுவரை சொல்லிவைத்திருக்கிறேன். முதலில் உனக்குச் சொல்கிறேன்.

வேறு சேதி ஒன்றுமில்லை. எனக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. தம்பி பையன் நீச்சல் கற்றுக்கொண்டுவிட்டான். அம்மா உனக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், கொரியரில் அனுப்பினால் நொறுங்கிவிடும் என்று அனுப்பவில்லை.

கடைசியாகக் கேட்க நினைத்தது ஒன்று. தாளில் ஏழாம் நாள் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி என்று இருக்கிறது. திருவள்ளுவர் சிலை, கண்ணாடிப் பாலம் என்றும் இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. எட்டாம் நாள் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் இல்லை. அங்கிருந்து சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர், அதை எப்போது, எப்படி என்று நீ போடவே இல்லை. ஒரே மூச்சில் ஓட்டப் பார்க்காதே.

நானே பேனாவால் எழுதிச் சேர்த்துவிட்டேன். "எட்டாம் நாள்: கன்னியாகுமரியிலிருந்து வீடு." காலைப் பனி விலகியதும் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். எத்தனை நாள் தங்குவாய் என்ற கட்டத்தை நிரப்பவில்லை. எத்தனை பேருக்குச் சமைக்க என்று உன் அம்மா கேட்டாள். வரும்போது தெரியும் என்றேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஸ்டெப்னியில் காற்று பார். நாலு டயரையும் பார்ப்பவர்கள் அதை மறந்துவிடுவார்கள்.